ஏழாம் காம்பராவின் பெட்டி

எங்கள் லயத்தில் சுவர் என்பது
பேச்சுக்குச் சொல்வது.
ஒன்றாம் காம்பராவில் இருமினால்
நாலாம் காம்பராவில் கொத்தமல்லி கொதிக்கும்.
கருவாடு எந்த அடுப்பில் பொரிந்தாலும்
பன்னிரண்டு வீட்டுச் சோறும் கொஞ்சம் ருசிக்கும்.

இங்கேதான் வந்து தொங்குகிறது ரவுட்டர்,
கட்டுநாயக்கவில் மூன்று வருடம்
காற்சட்டைக்குப் பை தைத்த காசு.
தகரத்துக்குக் கீழே ஓர் ஆணியில்
மஸ்கெலியா டவர் பக்கம் முகம் காட்டி.
மூட்டம் இறங்கினால்
அதற்கும் சளி பிடிக்கும்.

மாதம் வீட்டுக்கு நூற்றைம்பது ரூபா.
சந்தனமேரி காசில்லாத மாதம்
ஒரு கட்டுக் கீரை தருவாள்.
ஏழு முதல் எட்டு வரை பிள்ளைகளின் பாடம்,
அந்நேரம் யாரும் படம் பார்ப்பதில்லை என்று பேச்சு.
டிலுக்‌ஷன் பார்ப்பான்.
‘சுத்துது, சுத்துது!’ என்று லயமே கத்தும்.
அவன் நிறுத்துவான்.
சுற்றுவதும் நிற்கும்.

பெட்டிக்குள் ஒரு பட்டியல் இருப்பது
எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.
எந்தப் போன், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்.
சுவருக்குக் கேட்காததும்
அதற்குக் கேட்டிருக்கிறது.

ஆறாம் காம்பராவில் ஒரு போன்
தினமும் இரண்டேகாலுக்கு விழிக்கும்.
ஜோர்தானில் அப்போதுதான்
கிங்ஸ்லியின் மனைவிக்குப்
பாத்திரம் கழுவி முடியும்.
என்ன பேசினார்கள் என்று பட்டியலில் இல்லை.
இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்
என்று சொல்ல ஆசைதான்.
பார்த்திருப்பேன்.

பத்தாம் காம்பராவில் பேர் போடாத போன் ஒன்று.
யாருடையது, யாருடையது என்று
நாலு நாள் மண்டை குடைந்தது.
ஐந்தாம் நாள் பெரட்டுக் களத்தில்
நிலோஜினியை உற்றுப் பார்த்துவிட்டேன்.
அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.
அதற்குப் பிறகு
அவளுக்குப் பின்னால் நிற்கவே கூசியது.

போன மாதம் மடுவத்துத் தராசில்
பத்துக் கிலோ அரிசிப் பையை யாரோ வைத்தார்கள்.
எட்டரை காட்டியது.
யாரோ போட்டோ எடுத்தார்கள்.
போட்டோ கொழும்பு வரை போய்விட்டது.

மூன்றாம் நாள் கிளாக்கர் வந்தார்.
தேத்தண்ணி வேண்டாம் என்றார்.
‘ஒன் பொட்டியில பேரெல்லாம் விழுதாமே புள்ள,
செவ்வாக்கெழம அந்தியில மட்டும் காட்டுனா போதும்.’
ஒழுகுகிற தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.
‘இதையும் தொரகிட்ட சொல்லி மாத்திரலாம்.’

‘கரண்டு இல்லைங்க ஐயா’ என்றேன்.
எங்கள் இருவர் தலைக்கும் மேலே
பல்பு எரிந்துகொண்டிருந்தது.
அவரும் பார்த்தார்.
‘சரி, நாளைக்கு வாறேன்.’

கொண்டை ஊசியை நிமிர்த்தினேன்.
பெட்டியின் முதுகில் பொட்டளவு ஓட்டை.
குத்துவதற்கு முன்
செவ்வாய்க்கிழமையை ஒரே ஒருமுறை
திறந்து பார்க்கலாமே என்று விரல் போனது.
நிலோஜினியின் முக்காடு ஞாபகம் வந்தது.

குத்திப் பத்து வரை எண்ணினேன்.
எல்லா விளக்கும் அணைந்து
ஒன்று மட்டும் சிவந்தது.
‘சுத்துது, சுத்துது!’
இந்த முறை டிலுக்‌ஷனும் கத்தினான்.

கணக்கு எழுதாதே என்று
அதற்குச் சொல்ல ஒரு கட்டம் இருந்தது,
இத்தனை நாளும் இருந்திருக்கிறது.
அதை அமுக்கிவிட்டு
டோர்ச் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
புதுச் சொல்லை மெசேஜில் அனுப்பவில்லை.
வீடு வீடாக, காதோடு காதாக.
சந்தனமேரிக்கு இங்கிலீசு எழுத்து வராது,
அவள் போனில் நானே அடித்தேன்,
அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
அது ஏதோ அவள் பார்க்கக் கூடாதது போல.

பத்தாம் காம்பராவில் நிலோஜினி கதவைத் திறந்தாள்.
‘பட்டியல் இனி இல்லை’ என்றேன்.
எந்தப் பட்டியல் என்று கேட்கவில்லை.
சொல்லை ஒருமுறைதான் சொன்னேன்,
பிடித்துக்கொண்டாள்.

விடிந்ததும் கிளாக்கர் வருவார்.
தகரம் ஒழுகும்.

இரண்டேகாலுக்குப்
பச்சை விளக்குத் துடித்தது.
யார் என்று பெட்டிக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.